இட்லிப் பானை அளவு ஆவி போதும்: பழைய இரண்டு குழாய் ஸ்டீம் ரேடியேட்டர்களைப் பராமரிப்பது

சிகாகோ புறநகரில் 1925இல் கட்டிய வீடு ஒன்றைப் புதிதாக வாங்கியவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அறைக்கு அறை, உள்ளே ஆவி நிரம்பி அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழாய், பேஸ்மென்ட்டில் கேஸில் எரியும் ஸ்டீம் பாய்லர். மாடியில் இரண்டு ரேடியேட்டர்கள் சில்லென்று கிடக்கின்றன. கீழே கூடத்தில் இருப்பது தொட முடியாத சூடு. ராத்திரியில் குழாய்க்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல் சத்தம். வந்து பார்த்த பிளம்பர் பாய்லரின் அழுத்தத்தைக் கூட்டிவிட்டு, "இதற்கும் சரிவராவிட்டால் ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்று போக ஒரு வென்ட் வைத்துவிடலாம், அதுவும் ஆகாவிட்டால் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு, சூடான காற்றை அறைகளுக்கு அனுப்பும் டக்ட் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் போயிருக்கிறார். என்ன செய்வது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தை இன்றைக்கே பழையபடி குறையுங்கள். வென்ட் வைக்க விடாதீர்கள். எதையும் பிடுங்க வேண்டாம். மாடியில் சில்லிட்டுக் கிடக்கும் இரண்டின் மீது சந்தேகப்படுவதற்கு முன்னால், கூடத்தில் கொதிக்கும் அந்த ஒன்றைச் சந்தேகப்படுங்கள். இந்த அமைப்பில் நன்றாகச் சூடாகிற ரேடியேட்டர்தான் பல நேரம் குற்றவாளி. சூடாகாதது அதனிடம் மாட்டிக்கொண்டது.

நானும் இதே பக்கம் இதே காலத்து வீடு ஒன்றில் பதினேழு குளிர்காலம் கழித்தவன். முதல் மூன்று வருடம் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தேன், அழுத்தத்தைக் கூட்டியது உட்பட. கேஸ் பில் ஏறியது, சத்தம் இரட்டிப்பானது, சில்லிட்ட அறை சில்லிட்டே இருந்தது. அப்புறம்தான் இந்த இயந்திரம் எப்படி நினைக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். அதைச் சொன்னால்தான் பராமரிப்பு புரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குக்கரையும் இட்லிப் பானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு வரை ஏறும். இட்லிப் பானையில் அழுத்தம் என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது. தண்ணீர் கொதிக்கிறது, ஆவி தானாக ஏறித் தட்டுகளைச் சுற்றிக்கொள்கிறது. உங்கள் பாய்லரின் தலையில் ஒரு பாதுகாப்பு வால்வ் இருக்கிறதே, அது திறப்பதும் 15 பவுண்டில்தான். அதாவது குக்கர் அளவுக்குப் போனாலே அது ஆபத்து என்று கணக்கு. வீட்டைச் சூடாக்க 1.5 பவுண்டுக்கு மேல் வேண்டியதில்லை. உங்களுடையது போன்ற இரண்டு குழாய் அமைப்புகள் பலவற்றுக்கு அரை பவுண்டு, அதாவது 8 அவுன்ஸ், தாராளம். அந்தக் காலத்தில் இவற்றை 'வேப்பர் சிஸ்டம்' என்றே விற்றார்கள். இது இட்லிப் பானை. பிளம்பர் இதைக் குக்கராக நினைத்துவிட்டார்.

அழுத்தம் இல்லாமல் ஆவி எப்படி மாடி வரை போகும்? தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டரின் குளிர்ந்த இரும்பில் பட்டதும் திரும்பத் தண்ணீராகச் சுருங்கும். ஒரு பவுண்டு எடையுள்ள ஆவி இப்படிச் சுருங்கும்போது 970 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை அங்கே விட்டுவிட்டுப் போகிறது. சுருங்கிய இடம் காலியாவதால் பின்னால் நிற்கும் ஆவி அங்கே ஓடி வருகிறது. ஆக, ரேடியேட்டர்தான் ஆவியை இழுக்கிறது; பாய்லர் தள்ளத் தேவையில்லை.

வழியில் நிற்பது ஒன்றே ஒன்று: காற்று. பாய்லர் அணைந்திருக்கும்போது குழாய் முழுக்கக் காற்று. ஆவி வர வேண்டுமானால் அது வெளியே போயாக வேண்டும். ஒற்றைக் குழாய் அமைப்பில் ஒவ்வொரு ரேடியேட்டரின் பக்கவாட்டிலும் உஸ்ஸென்று மூச்சு விடும் ஒரு வென்ட் இருக்கும். இரண்டு குழாயில் அது கிடையாது. ஒரு முனையில் வால்வ் வழியாக ஆவி உள்ளே வருகிறது; மறுமுனையில் அடியில் இருக்கும் ஸ்டீம் ட்ராப் வழியாகக் காற்றும் குளிர்ந்த தண்ணீரும் திரும்புகுழாய்க்கு இறங்குகின்றன. எல்லா அறைகளின் காற்றும் பேஸ்மென்ட்டுக்கு வந்து, பாய்லர் பக்கத்தில் திரும்புகுழாயின் கடைசியில் இருக்கும் ஒரே ஒரு பெரிய வென்ட் வழியாக வெளியேறும். வீடு மொத்தத்துக்கும் ஒரே மூக்கு.

இதில் ட்ராப்தான் சூட்சுமம். ரேடியேட்டரின் கால்பக்கம் முஷ்டி அளவுக்கு ஒரு பித்தளை உருண்டை, மேலே திருகு மூடி. உள்ளே துருத்தி மாதிரி மெல்லிய உலோக உறை, அதற்குள் கொஞ்சம் திரவம். காற்றோ தண்ணீரோ வந்தால் துருத்தி சுருங்கி நிற்கும், வழி திறந்திருக்கும். ஆவி பட்டதும் உள்ளே இருக்கும் திரவம் கொதித்து, துருத்தி நீண்டு, ஓட்டையை அடைக்கும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. கிளேடன் டன்ஹாம் என்பவர் இந்த வகை ட்ராப்பைக் கொண்டுவந்தது 1903இல். உங்கள் ட்ராப் மூடியைத் துடைத்துப் பார்த்தால் டன்ஹாம், வெப்ஸ்டர், ஹாஃப்மன், ட்ரேன் என்று ஏதாவது ஒரு பெயர் வார்ப்பில் இருக்கும். அதை எழுதி வையுங்கள், பின்னால் வேண்டும்.

இனி உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கூடத்து ரேடியேட்டரின் ட்ராப் உள்ளே துருத்தி வெடித்தோ ஓட்டையின் விளிம்பு தேய்ந்தோ போய், எப்போதும் திறந்தே கிடக்கிறது என்று வையுங்கள். ரேடியேட்டர் அருமையாகச் சூடாகும். அதில் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் ஆவி அதோடு நிற்காமல் ட்ராப்பைத் தாண்டித் திரும்புகுழாய்க்குள் பாயும். காற்றும் தண்ணீரும் மட்டுமே போகவேண்டிய குழாய் அது. அங்கே ஆவி நிரம்பியதும், மாடி ரேடியேட்டரிலிருந்து காற்று இறங்க இடம் இருக்காது. முன்வாசலிலும் ஆவி, பின்வாசலிலும் ஆவி, நடுவில் மாட்டிக்கொண்ட காற்று. எனவே அந்த ரேடியேட்டர் சில்லென்று கிடக்கும். திரும்புகுழாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆறிய தண்ணீரில் இந்த ஆவி போய் மோதும்போது எழுவதுதான் அந்தச் சம்மட்டி அடி. ஒரே கோளாறு, மூன்று அறிகுறி.

இந்த நிலையில் மாடி ரேடியேட்டரில் வென்ட் வைத்தால் என்ன ஆகும்? முதல் நாள் சூடாகும். பிளம்பர் ஜெயித்துவிட்டார் என்று தோன்றும். உண்மையில் திரும்புகுழாயில் வழிதவறி வந்த ஆவியும் அந்த ரேடியேட்டருக்குள் பின்பக்கமாக ஏறிக்கொள்ளும். தண்ணீர் இறங்க முடியாமல் உள்ளேயே நிற்கும். வென்ட் எச்சில் துப்ப ஆரம்பிக்கும், தரைப் பலகை கெடும், சத்தம் இன்னொரு அறைக்கும் பரவும். ட்ராப் உள்ள ரேடியேட்டரில் வென்ட் இருப்பதைப் பார்த்தாலே, முன்பு யாரோ நோயை விட்டுவிட்டு வலிமாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, சொல்லாமல் விட்டால் தப்பு. ட்ராப் வருவதற்கு முன்னால் கட்டிய இரண்டு குழாய் அமைப்புகளில் ரேடியேட்டரின் இரண்டு முனைகளிலும் கைப்பிடி வால்வ் இருக்கும். அவற்றில் வென்ட் பிறவியிலேயே உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் வென்ட்டைக் கழற்றக் கூடாது. ஒரு ரேடியேட்டரை மூட வேண்டுமானால் இரண்டு வால்வையும் மூட வேண்டும், திறந்தால் இரண்டையும் திறக்க வேண்டும். இன்னும் சில வேப்பர் வீடுகளில் ட்ராப் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு மட்டும் இருக்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. அழுத்தம் கூடினால் கதவு ஊதித் தள்ளப்பட்டுவிடும். உங்களுடையது 1925 வீடு, ஒரு பக்கம்தான் வால்வ் என்றால் பெரும்பாலும் ட்ராப்தான்.

இப்போது அழுத்தத்தின் கணக்கு. ஒரு பவுண்டு அழுத்தம் தண்ணீரை ஏறத்தாழ 28 அங்குலம் தூக்கி நிறுத்தும். பாய்லருக்குள் ஒரு பவுண்டு இருந்தால், திரும்பி வரும் தண்ணீர் அதை எதிர்த்து உள்ளே நுழைய, பாய்லரின் நீர்மட்டத்துக்கு மேலே 28 அங்குலம் குழாயில் குவிந்து நின்றாக வேண்டும். உங்கள் பேஸ்மென்ட்டில் பாய்லர் நீர்மட்டத்துக்கும் மேலே ஓடும் திரும்புகுழாய்க்கும் நடுவில் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். பல வீடுகளில் 30 அங்குலம்கூடத் தேறாது. அங்கே 3 பவுண்டு வைத்தால் 84 அங்குலத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டும், கூரையைத் தொட்டுவிடும். திரும்புகுழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, வென்ட்டும் மூழ்கி, காற்று போகவே வழியில்லாமல் போகும். அழுத்தத்தைக் கூட்டினால் வீடு மோசமாவது இப்படித்தான்.

குறைப்பது எளிது. பாய்லர் மேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பிரஷர்ட்ரோல் என்பார்கள். முன்பக்க அளவுகோலை 0.5இல் வையுங்கள். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளைச் சக்கரம், அதை 1இல் வையுங்கள். இரண்டும் கூடி 1.5 பவுண்டில் பாய்லர் நிற்கும், 0.5க்கு இறங்கியதும் திரும்ப எரியும். மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். இதைவிட நுணுக்கமாக அவுன்ஸ் கணக்கில் வேலை செய்யும் வேப்பர்ஸ்டாட் என்று ஒன்று உண்டு. விலை அதிகம்தான், ஆனால் இரண்டு குழாய் வீட்டுக்கு நான் வாங்கச் சொல்வேன். நான் என்னுடையதை 10 அவுன்ஸில் நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். கூடவே 0 முதல் 3 பவுண்டு வரை காட்டும் சின்ன கேஜ் ஒன்றையும் மாட்டிக்கொள்ளுங்கள். பாய்லரோடு வந்த 30 பவுண்டு கேஜ் சட்டத்துக்காக இருக்கட்டும். அதில் அரை பவுண்டைப் பார்ப்பது லாரி எடைமேடையில் தங்கம் நிறுப்பது மாதிரி.

அந்தப் பெட்டிக்குக் கீழே பன்றி வால் போலச் சுருண்ட குழாய் ஒன்று இருக்கும். பலர் கண்ணில் படாத இடம். அதில் சேறு அடைத்துக்கொண்டால் பெட்டிக்கு அழுத்தமே தெரியாது. நீங்கள் 1.5இல் வைத்திருப்பீர்கள், பாய்லர் 6 பவுண்டு வரை போய்க்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, பாய்லர் ஆறியிருக்கும்போது கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் திரும்ப மாட்டவேண்டும். அந்தத் தண்ணீர்தான் சூடான ஆவி பெட்டிக்குள் ஏறாமல் காக்கிறது.

அடுத்து ட்ராப்புகளைச் சோதிப்பது. நல்ல குளிர் நாளாகப் பாருங்கள்; பாய்லர் ஒரே மூச்சில் 40 நிமிடமாவது ஓடினால்தான் ஆவி கடைசி வரை போய் ட்ராப்பைத் தொடும். எல்லா வால்வையும் முழுசாகத் திறந்து வையுங்கள். பாதி மூடிய ரேடியேட்டரில் ஆவி ட்ராப் வரைக்கும் வரவே வராது, அதைச் சோதித்துப் பயனில்லை. இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும், ஆனால் பளபளக்கும் பித்தளையில் அது பொய் சொல்லும். ட்ராப்புக்கு முன்னாலும், அதைத் தாண்டிக் குழாயில் ஓரடி தள்ளியும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளவெடுங்கள். முன்னால் 210 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம், பின்னால் 160, 170 என்றால் ட்ராப் உயிரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் 205, 210 என்றால் திறந்தபடியே செத்திருக்கிறது. ரேடியேட்டர் சில்லென்று, வால்வ் வரை குழாய் மட்டும் சூடு என்றால் இரண்டு சாத்தியம்: அந்த ட்ராப் மூடியபடி செத்திருக்கலாம், அல்லது நான் மேலே சொன்னபடி திரும்புகுழாயில் வேறு யாரோ ஆவி விட்டிருக்கலாம். அதனால்தான் சூடான ரேடியேட்டர்களிலிருந்து சோதனையைத் தொடங்கச் சொல்கிறேன்.

பேஸ்மென்ட்டிலும் ட்ராப் இருக்கும், மறந்துவிடாதீர்கள். ஆவி ஓடும் பெரிய குழாயின் கடைக்கோடியில், அதிலிருந்து திரும்புகுழாய்க்குக் காற்றைக் கடத்திவிட ஒரு ட்ராப் வைத்திருப்பார்கள். உத்தரத்துக்கும் குழாய்க்கும் நடுவே தூசி படிந்து கிடக்கும். என் வீட்டில் மூன்று வருடம் என்னை அலைக்கழித்தது இந்த ஒன்றுதான். ரேடியேட்டர் ட்ராப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, இன்னும் ஏன் திரும்புகுழாய் கொதிக்கிறது என்று குழம்பி, ஏணி போட்டு ஏறியபோது கண்ணில் பட்டது. அது திறந்தபடி செத்தால் நேராக பாய்லரிலிருந்து திரும்புகுழாய்க்கு நெடுஞ்சாலை போட்ட மாதிரி.

மாற்றும்போது ட்ராப்பின் உடம்பைக் குழாயிலிருந்து கழற்ற வேண்டாம். நூறு வருட இணைப்பு. முறுக்கினால் சுவருக்குள் எங்கோ உடையும். புது ட்ராப்பின் அளவும் பழைய இடைவெளிக்குப் பொருந்தாமல் போகலாம். மூடியை மட்டும் திறந்து, உள்ளே இருக்கும் துருத்தியையும், முடிந்தால் அது உட்காரும் விளிம்பையும் மாற்றினால் போதும். பழைய மாடல்களுக்கும் உள்பாகங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. மூடியில் பார்த்து எழுதிய பெயரும் எண்ணும் இங்கேதான் உதவும். பாய்லரை அணைத்து, எல்லாம் ஆறிய பிறகு, ஒரு ரெஞ்சால் உடம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெரிய ரெஞ்சால் மூடியைத் திருப்புங்கள். அசையாவிட்டால் துருப்பிடி இளக்கும் எண்ணெயை முந்தின ராத்திரியே விட்டு வையுங்கள். முரட்டுத்தனம் வேண்டாம். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கேட்டால், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வீட்டில் நான் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்க மாட்டேன், மொத்தமாக ஒரே வாரத்தில் மாற்றிவிடுவேன். பாதி மாற்றினால், மீதிப் பாதி புதுசையும் சேர்த்துக் கெடுக்கும்.

அந்த ஒரே மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பாய்லர் எரியத் தொடங்கி ஆவி கிளம்பும் நேரத்தில் வென்ட் பக்கத்தில் ஊதுபத்தி ஒன்றைப் பிடியுங்கள். புகை தெளிவாகத் தள்ளப்பட வேண்டும். அசையாமல் நேரே மேலே போனால் வென்ட் அடைத்துவிட்டது, அல்லது தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. வீடுகளில் இதைப் பிளக் போட்டு மூடிவைத்திருப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன், ஆவி வருகிறது என்று யாரோ அடைத்திருப்பார்கள். புதிதாக வாங்கினால் பெரியதாக வாங்குங்கள். காற்று எவ்வளவு சுலபமாகப் போகிறதோ அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வீடு சூடாகும்.

சத்தத்துக்கு ட்ராப் தவிர இன்னொரு காரணம் சரிவு. இரண்டு குழாயில் ரேடியேட்டர் ட்ராப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஆவிக் குழாய், ஆவியும் தண்ணீரும் ஒரே திசையில் போகும் இடத்தில் 20 அடிக்கு ஓர் அங்குலமாவது இறங்கியாக வேண்டும். நூறு வருடத்தில் உத்தரம் இறங்கும், கொக்கி தளரும், நடுவில் தொய்வு விழும், அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கும். வேகமாக வரும் ஆவி அதைக் கட்டியாக வாரிக்கொண்டு போய் வளைவில் அறையும். பாய்லர் எரிந்த சில நிமிடங்களில் ஒரே இடத்தில் சத்தம் வந்தால் தொய்வைத் தேடுங்கள். நூல் கட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும், கொக்கியை இழுத்துக் கட்டினால் தீர்ந்துவிடும்.

இனி வாராந்தர வேலை. பாய்லர் பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கும் முக்கால்வாசிக்கும் நடுவே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் பர்னரை அணைக்கும் கருவி உங்களுடையதில் மிதவை வகையா, கம்பி முனை வகையா என்று பாருங்கள். மிதவை என்றால் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை அதன் அடிவால்வைத் திறந்து, கலங்கல் போய்த் தெளியும் வரை ஒரு இரும்பு வாளியில் பிடியுங்கள். பர்னர் எரியும்போது செய்யுங்கள், தண்ணீர் இறங்கியதும் நெருப்பு தானாக அணைய வேண்டும். அணையவில்லை என்றால் பாய்லரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வருகிற தண்ணீர் கொதிக்கும் சூடு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை மாடியில் விட்டுவிட்டு வாருங்கள். கம்பி முனை வகைக்கு வாராந்தர வேலை இல்லை. வருடம் ஒருமுறை கழற்றித் துடைத்தால் போதும்.

கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை, பாய்லர் சூடாக இருக்கிறது என்றால்: தண்ணீர் விடாதீர்கள். காய்ந்து சிவந்த தோசைக்கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. இங்கே கல் ஒரு மூடிய வார்ப்பிரும்புப் பெட்டி. அணையுங்கள், மணிக்கணக்கில் முழுசாக ஆற விடுங்கள், பிறகுதான் தண்ணீர்.

இது மூடிய சுற்று. விட்ட தண்ணீர்தான் திரும்பத் திரும்ப ஆவியாகிறது. அடிக்கடி புதுத் தண்ணீர் கேட்டால் எங்கோ போகிறது என்று அர்த்தம். புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் வரும், அது இரும்பைத் தின்னும். தானாகத் தண்ணீர் விடும் கருவி இருந்தால் அதோடு ஒரு மீட்டரையும் வைத்து, வாரம் ஒருமுறை எண்ணைக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் கசிவு இருப்பதே தெரியாமல் ஒரு நாள் பாய்லர் ஓட்டையாகும். முதலில் சந்தேகிக்க வேண்டியது பேஸ்மென்ட் தரைக்கு அடியில் புதைந்த திரும்புகுழாய். வால்வுகளின் கழுத்தில் ஆவி கசிந்தால் நட்டை இறுக்கியோ கிராஃபைட் கயிறு சுற்றியோ நீங்களே நிறுத்தலாம். குளிர்ந்த காலையில் புகைபோக்கியில் வழக்கத்தைவிட அடர்த்தியான வெள்ளை ஆவி தெரிந்தால் பாய்லருக்குள்ளேயே ஓட்டை இருக்கலாம்.

கண்ணாடியில் தண்ணீர் அரை அங்குலம் ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் குதித்தால் மேலே எண்ணெய் மிதக்கிறது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெயை எடுப்பது போலத்தான் இதற்கும் வைத்தியம்: பக்கவாட்டு வாய் வழியாகப் பென்சில் கனத்துக்கு மெல்லிய ஓட்டமாக, இரண்டு மூன்று மணி நேரம் மேல்நீரை வழியவிடுவது. அவசரப்பட்டால் எண்ணெய் உள்ளேயே நின்றுவிடும். புது பாய்லரோ புதுக் குழாயோ போட்ட பிறகு இது கட்டாயம்.

பாய்லர் மாற்ற வேண்டிய நாள் வந்தால், ஏமாறுகிற இடம் அதுதான். பழைய பாய்லரின் தகட்டைப் பார்த்து அதே அளவைச் சொல்பவர், வீட்டின் சதுர அடியைக் கேட்பவர், இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள். ஸ்டீம் பாய்லரின் அளவு ரேடியேட்டர்களின் பரப்பைப் பொறுத்தது. உதாரணமாக 38 அங்குல உயரம், மூன்று தூண் கொண்ட ரேடியேட்டரில் ஒரு பகுதிக்கு 5 சதுர அடி. பத்துப் பகுதி இருந்தால் 50 சதுர அடி. சதுர அடிக்கு மணிக்கு 240 பிடியூ வீதம் 12,000. இப்படி அறை அறையாக எண்ணிக் கூட்டுபவர்தான் வேலை தெரிந்தவர். பாய்லரைச் சுற்றியுள்ள குழாய் வேலையும் அதே அளவு முக்கியம். பாய்லரிலிருந்து கிளம்பும் ஆவியை வாங்கிக்கொள்ளும் தலைக்குழாய் நீர்மட்டத்துக்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும், செம்பு அல்ல, இரும்பு. திரும்புகுழாய் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளையம் போட்டு இணைய வேண்டும்; 1919இல் ஹார்ட்ஃபோர்ட் பாய்லர் காப்பீட்டு நிறுவனம் புகுத்திய ஏற்பாடு அது. திரும்புகுழாய் உடைந்தாலும் பாய்லர் தண்ணீர் மொத்தமும் ஓடிவிடாது.

ரேடியேட்டர்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். 1918 இன்ஃப்ளூயன்சாவுக்குப் பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கும் பழக்கம் பரவி, திறந்த ஜன்னலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் காரணம். அதனால் படுக்கையறை அதிகம் சூடானால் வால்வைப் பாதி மூடுங்கள். ஒற்றைக் குழாயில் அது கூடாது. முழுசாகத் திறப்பு அல்லது முழுசாக மூடல்தான். இரண்டு குழாயில் தாராளமாகச் செய்யலாம். இந்த வசதிக்காகத்தான் அந்தக் காலத்தில் காசு அதிகம் கொடுத்து இதைப் போட்டார்கள். டக்ட் போட்டுப் பிடுங்கிவிட எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயின்ட்: எந்த நிறமும் அடிக்கலாம், அலுமினியம், வெண்கலப் பூச்சு மட்டும் வெப்பத்தைக் குறைக்கும். பழைய பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம், 1978க்கு முந்தைய வீட்டில் ஈயம் இருக்கலாம். தெர்மோஸ்டாட்டில் ஸ்டீம் என்ற அமைப்போ, மணிக்கு ஒரு சுற்று என்ற அமைப்போ இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ராத்திரி பத்து டிகிரி குறைத்துக் காலையில் ஏற்றும் பழக்கம் இதற்கு ஒத்துவராது; இரண்டு மூன்று டிகிரியோடு நிறுத்துங்கள். பேஸ்மென்ட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் ஏணி போட்டு அந்தக் கடைக்கோடி ட்ராப்பைத் தேடப் போகும்போது, குழாயைச் சுற்றி வெள்ளையாகக் கட்டு போட்ட மாதிரி, நெளிநெளியான அட்டை போல ஏதாவது இருந்தால் கை வைக்காதீர்கள். 1925 வீட்டில் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்றவர்களை வைத்துச் சோதித்து, வேண்டுமானால் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ஓர் அங்குல ஃபைபர்கிளாஸ் உறை போடுங்கள். வெறும் குழாயாக விட்டுவிட்டால் ஆவி மாடிக்குப் போகும் முன்னே பேஸ்மென்ட்டிலேயே தண்ணீராகிவிடும். அப்புறம் எந்த ட்ராப்பை மாற்றியும் மாடி ரேடியேட்டர்கள் சூடாகாது.